வேலை நின்ற நாட்கள்: சேலம், நாமக்கல் சமவெளியில் மார்கழி–தைப் பண்டிகைகள்

மார்கழியிலிருந்து தை முதல் வாரம் முடிய, சேலம், நாமக்கல் சமவெளியில் பண்டிகைகள் நெருக்கியடித்துக்கொண்டு வருகின்றன. சேலம் கோட்டை அழகிரிநாதர் கோயிலில் சொர்க்கவாசல் திறப்பு, அரிசிபாளையம் குழந்தை இயேசு பேராலயத்தில் நள்ளிரவுத் திருப்பலி, மார்கழி அமாவாசையில் நாமக்கல் ஆஞ்சநேயருக்கு 1,00,008 வடைமாலை, அப்புறம் பொங்கல். இந்த நெருக்கத்துக்கு வழக்கமாகச் சொல்லப்படும் காரணம் வானியல் சார்ந்தது: கதிரவன் வடக்கே திரும்பும் காலத்தை எல்லாச் சமயங்களும் தத்தம் முறையில் கொண்டாடுகின்றன என்பார்கள். ஐரோப்பாவுக்கு இது பொருந்தலாம்; இங்கே பொருந்தவில்லை. கதிரவன் திசை திரும்புவது டிசம்பர் 21, 22இல். தை முதல் நாளோ விண்மீன்களை வைத்துக் கணிக்கப்படுவதால், ஏறத்தாழ எழுபது ஆண்டுகளுக்கு ஒரு நாள் வீதம் தள்ளிப்போய்க்கொண்டே இருக்கிறது. விவேகானந்தர் பிறந்த 1863 ஜனவரி 12 மகர சங்கராந்தி நாள். இன்று அது 14 அல்லது 15. வெவ்வேறு சமயக் குடும்பங்களின் பண்டிகைகளை இங்கே ஒரே பருவமாகக் கட்டியது, எல்லோருக்கும் சேர்ந்தாற்போல் வேலை நின்ற நாட்களே என்பதுதான் இக்கட்டுரையின் வாதம்.

இதற்கான பழைய சான்று நாமக்கல்லுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. தத்துவ போதகர் என்று அறியப்பட்ட இயேசு சபைத் துறவி ராபர்ட் தெ நொபிலி, 1623இல் மதுரையை விட்டுப் புறப்பட்டு, திருச்சி வழியாகச் சேந்தமங்கலம் வந்தார். அங்கே ஆண்ட ராமச்சந்திர நாயக்கர் அவருக்கு ஆதரவளித்தார். அடுத்து அவர் சேலம் போனார். அதே ஆண்டின் ஜனவரியில்தான் திருத்தந்தை பதினைந்தாம் கிரகோரி, மதம் மாறியோர் பூணூல், குடுமி, சந்தனம் ஆகியவற்றை விடவேண்டியதில்லை என்று இசைவு தந்திருந்தார். பொங்கலையும் தெ நொபிலி விலக்கவில்லை. சிலுவையின் அடியில் பானை வைத்துப் பொங்கிக்கொள்ள விட்டார் என்று அவர் வரலாற்றை எழுதியோர் குறிக்கின்றனர். இது மதம் பரப்ப வகுத்த உத்தி, இதில் பண்பாட்டு உறவைத் தேடலாமா என்று ஒருவர் கேட்கலாம். உத்தி என்பது உண்மைதான். ஆனால் அந்த உத்தி நீண்ட காலம் கைவிடப்பட்டும் இருந்தது. 1704இல் புதுச்சேரியில் திருத்தந்தையின் தூதர் தூர்னோன் இத்தகைய சலுகைகளில் பலவற்றைத் தடுத்தார். 1744இல் பதினான்காம் பெனடிக்ட் அதை இறுக்கினார். அதற்குக் கீழ்ப்படிவதாக மறைப்பணியாளர்கள் எடுக்கவேண்டிய உறுதிமொழி 1940 வரை நீடித்தது. உரோமையின் ஆணைகள் உடம்பில் அணியும் குறிகளையும் சடங்குகளையும் பற்றியவை. உழவுக் குடும்பம் எந்த நாளில் ஓய்ந்திருக்கும் என்பதை அவற்றால் மாற்ற முடியவில்லை. இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் (1962–65) பின் பொங்கல் திருப்பலி தமிழகக் கோயில்களில் இயல்பாக வேரூன்றியதற்கு இதுவே காரணமாக இருக்கவேண்டும். 1827இல் சேலத்தில் பணி தொடங்கிய லண்டன் மிஷன் சங்கத்தார் சடங்கு விஷயத்தில் இன்னும் கறாரானவர்கள். அவர்கள் மரபில் வந்து 1947இல் தென்னிந்தியத் திருச்சபையில் இணைந்த சபைகளும் ‘அறுப்பின் பண்டிகை’ என்ற பெயரில் விளைச்சலைப் பீடத்துக்குக் கொண்டுவந்து ஏலம் விடுகின்றன.

வேலை எப்படி எல்லோருக்கும் ஒன்றாக நின்றது? இச்சமவெளியின் பெரும்பகுதி கிணற்றுப் பாசன நிலம். மின் மோட்டார் வருமுன் கவலை ஏற்றத்தில் பூட்டிய மாடுகள்தான் தோல் பறியில் நீரை இழுத்துக் கொட்டின. உழவும் வண்டியும் அவற்றை நம்பியே நடந்தன. மாட்டை அவிழ்த்துவிட்டால் நீர் இறைக்கும் ஆளுக்கும் வேலையில்லை, பாத்தி கட்டும் ஆளுக்கும் வேலையில்லை, அவர் எந்தச் சாமியைக் கும்பிட்டாலும். மாட்டுப் பொங்கலான பட்டிப் பொங்கலன்று தொழுவத்தில் சாணத்தால் சின்னத் தெப்பக்குளம் கட்டி, நீர் நிரப்பி, பூப்போட்டு, கன்றை அதில் மிதிக்க விடுவார்கள். முந்தைய நாட்களில் பூளைப்பூ, ஆவாரம்பூ, வேப்பிலை சேர்த்து வீட்டிறப்பிலும் கிணற்றடியிலும் வயலிலும் காப்புக் கட்டியிருக்கும். வீடு, கிணறு, வயல், பட்டி என்று காப்பும் பூசையும் போகும் இடங்கள் எல்லாம் வேலைத்தலங்களே. விளைச்சலும் இதற்கு ஒத்துவருகிறது: மொச்சை, அவரை, அரசாணிக்காய் வீட்டுக்கு வந்துவிடும், பூலாம்பட்டிப் பக்கம் செங்கரும்பு வெட்டாகும், பிலிக்கல்பாளையத்திலும் சேலம் செவ்வாய்ப்பேட்டை மண்டியிலும் வெல்லத்துக்குக் கிராக்கி ஏறும்.

இங்கே வலுவான ஒரு மறுப்பு எழும். வேலை எல்லோருக்கும் நின்றது என்றால் பண்டிகை எல்லோருக்கும் சமமாக இருந்ததா? இல்லை. பட்டி மாடு வைத்திருந்தவருடையது. பண்ணையாளுக்குக் கிடைத்தது பொங்கச்சோறும் வேட்டியும் படி நெல்லும்தான். தெ நொபிலியின் மறைப்பணியே 1640களில் மேல்சாதியாருக்குச் சந்நியாசி, மற்றவர்களுக்குப் பண்டாரசாமி என்று இரண்டாகப் பிரிந்து நடந்தது. ஆகவே பண்டிகைக் கூட்டுறவைச் சமத்துவத்துக்குச் சான்றாகக் காட்டுவோர் தவறுகிறார்கள். நான் சொல்வது அதைவிடச் சிறியது: ஓய்வின் நாள் பொதுவாக இருந்தது, ஓய்வின் பங்கு பொதுவாக இல்லை. முதலாவது இல்லாமல் பண்டிகைகள் பக்கத்தில் பக்கத்தில் வந்திருக்க முடியாது. அது மட்டும் போதாது என்பதற்கு இரண்டாவது சான்று.

இருபதாம் நூற்றாண்டில் வேலையை நிறுத்தும் அதிகாரம் மாட்டிடமிருந்து அலுவலகத்துக்குப் போயிற்று. 1881ஆம் ஆண்டின் செலாவணி முறிச் சட்டம் பொது விடுமுறை என்ற ஏற்பாட்டை முன்பே கொண்டுவந்திருந்தது. கிறிஸ்துமஸ் அப்படித்தான் கிறிஸ்தவர் அல்லாத வீட்டுக்கும் ஒரு விடுமுறையாக நுழைந்தது. பள்ளிகளின் அரையாண்டுத் தேர்வு விடுமுறை கிறிஸ்துமஸையும் புத்தாண்டையும் ஒட்டி அமைந்தது. நாமக்கல், ராசிபுரம், திருச்செங்கோட்டு விடுதிப் பள்ளிகளில் படிக்கும் பிள்ளைகளுக்கு இந்தப் பத்து நாளும் பொங்கல் நாட்களும்தான் வீட்டோடு இருக்கும் காலம். 1983இல் தொடங்கிய இலவச வேட்டி சேலைத் திட்டம் பொங்கலைத் திருச்செங்கோட்டுப் பக்கத்துத் தறிகளுக்கு ஓர் உற்பத்திப் பருவமாகவே ஆக்கியது. அப்படியானால் இன்றைய பொங்கல் அரசு உண்டாக்கிய தமிழர் திருநாள்தானே என்பது அடுத்த மறுப்பு. தை முதல் நாளைப் புத்தாண்டாக்கிய 2008ஆம் ஆண்டுச் சட்டம் 2011இல் நீக்கப்பட்டது. அதனால் ஒரு வீட்டுப் பானையும் பொங்காமல் போகவில்லை. ஊர்க்கூறுகளையும் அரசு ஒன்றாக்கிவிடவில்லை. சேலத்துச் சிற்றூர்கள் எருதாட்டத்தை விடவில்லை; வாழப்பாடிப் பக்கத்தில், 1972ஆம் ஆண்டு வனஉயிர்ச் சட்டத்தின்படி குற்றம் என்று தெரிந்தும், பொங்கலையொட்டி வங்காநரி பிடிக்கும் வழக்கம் வனத்துறையோடு மல்லுக்கு நிற்கிறது. அரசு தந்தது விடுமுறையை. கொண்டாட்டம் அதற்குள் தானே நிரம்பியது.

இந்த வாதத்தைச் சோதிக்க இசுலாமியக் குடும்பங்களைப் பார்க்கவேண்டும். ஹிஜ்ரி ஆண்டு கதிரவ ஆண்டைவிடப் பதினோரு நாள் குறைவு. அதனால் பெருநாட்கள் எல்லாப் பருவத்தையும் சுற்றிவருகின்றன. 2000இல் ஈகைப் பெருநாள் ஜனவரியில் ஒருமுறை, டிசம்பரில் ஒருமுறை என இரண்டு தடவை வந்து, பிறகு மழைக்காலத்துக்கும் கோடைக்கும் நகர்ந்துவிட்டது. சடங்கை அளவுகோலாக வைத்தால் இவர்களுக்கு இப்பருவத்தில் பங்கில்லை என்றே சொல்லவேண்டும். ஆனால் அரையாண்டு விடுமுறையிலும் பொங்கல் விடுமுறையிலும் உறவினர் வீட்டுக்குப் போவதும் வருவதும் இவர்களுக்கும் உண்டு. திருமணத்திலும் இதே ஒழுங்கைக் காணலாம். மார்கழியில் இந்துக்கள் முகூர்த்தம் வைப்பதில்லை. கிறிஸ்து பிறப்புக்கு முந்தைய திருவருகைக் காலத்தில் கத்தோலிக்கரின் பழைய திருச்சபைச் சட்டமும் (1917) ஆடம்பரத் திருமணத்தைத் தடுத்தது. இரு தடைகளுக்கும் சமயக் காரணம் வேறு வேறு. தையில் அறுவடைப் பணம் கைக்கு வந்தபின் கல்யாணம் செய்வது இரு தரப்புக்கும் தோதாயிற்று.

மிகக் கடினமான சோதனை இன்றைய நாமக்கல் கோழிப்பண்ணைகளில் இருக்கிறது. கேக் தேவையால் டிசம்பரில் முட்டைக்குக் கிராக்கி கூடும். கோழிக்குத் தீனி வைப்பதையும் முட்டை பொறுக்குவதையும் ஒரு நாள்கூட நிறுத்த முடியாது. அந்தக் கொட்டகைகளில் பீகார், ஒடிசாவிலிருந்து வந்த தொழிலாளர் பலர் வேலை செய்கிறார்கள். மகர சங்கராந்தி அவர்கள் ஊரிலும் அதே நாள்தான்; வானமும் அதே வானம், பெரும்பாலோர்க்குச் சமயமும் அதே சமயம். வானமோ சமயமோ பண்டிகையைத் தருவதானால் அவர்களுக்கும் அது கிடைத்திருக்கவேண்டும். வேலை நிற்காததால் கிடைக்கவில்லை. இப்பருவத்தின் அடுத்த கட்ட வரலாற்றை எழுதுவோர் பஞ்சாங்கத்தோடு பண்ணை வருகைப்பதிவேட்டையும் கூலிக் கணக்கையும் சேர்த்துப் பார்க்கவேண்டும். யார் கொண்டாடுகிறார்கள் என்பதைவிட, யாருக்கு விடுப்பு கிடைக்கிறது என்பதே அங்கு முதலில் தெரியவரும்.