வீடு கொடுத்தவர்கள்

நத்தார் என்ற சொல்லை எமக்கு விட்டுப்போனவர்கள் போர்த்துக்கேயர். அந்த நத்தாருக்குத் தடை போட்டவர்கள் 1658இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்த ஒல்லாந்தர். கோயில்கள் பறிபோயின, சுவாமிமார் துரத்தப்பட்டனர். கத்தோலிக்கக் குருவுக்கு வீட்டில் இடங் கொடுத்தால் மரண தண்டனை என்று அதே ஆண்டில் கட்டளை வந்தது. அதன்பின் நீண்ட காலம் எமது நத்தார் கதவடைத்த வீட்டுக்குள் நடந்த பண்டிகைதான்.

1687இல் கோவாவிலிருந்து ஜோசப் வாஸ் அடிகள் கூலியாள் வேடத்தில் வந்தார். கழுத்தில் செபமாலையோடு வீடு வீடாகப் பிச்சை கேட்டாராம். அதைக் கண்டு யாருடைய முகம் மாறுகிறதென்று பார்ப்பதற்கு. பிறகு சில்லாலையில் தங்கி, இரவுகளில் ஊர் ஊராகப் பூசை வைத்தார். 1689 நத்தார் இரவு யாழ்ப்பாணத்தில் பூசைக்குக் கூடியிருந்த வீடுகளை ஒல்லாந்தச் சிப்பாய்கள் வளைத்தார்கள். ஏறத்தாழ முந்நூறு பேர் பிடிபட்டனர். முன்னின்றவர்களுக்கு விலங்கும் கடூழியமும். தொன் பேதுரு என்பவர் அடியினாலேயே இறந்தார் என்று அடிகளின் சரித்திரங்கள் கூறுகின்றன. கட்டளையிட்டவர் ஆணையாளர் வான் றேடே. மலபாரின் செடிகொடிகளைப் பன்னிரண்டு பாகங்களில் பதிவு செய்வித்த அதே பெரிய மனிதர்தான்.

வாஸ் அடிகள் தப்பினார். 2015 ஜனவரி 14இல் காலிமுகத்திடலில் பாப்பரசர் பிரான்சிஸ் அவரைப் புனிதராக்கினார். நல்லது. ஆனால் எங்கள் பிரசங்கங்கள் அவர் தப்பியதோடு நின்றுவிடுகின்றன. அடிகள் இரவோடிரவாக வன்னிக்குப் போகலாம். வீட்டுக்காரர் வீட்டைத் தூக்கிக்கொண்டு எங்கே போவார்? சட்டந் தெரிந்தேதான் அவர்கள் கதவைத் திறந்தார்கள். அவர்களில் அநேகரின் பெயர் கூட எமக்கு வந்து சேரவில்லை.

எங்கள் வீட்டில் நத்தாருக்கு முதல் நாள் பயற்றம் பணியாரமும் கொக்கிஸும் தட்டில் அடுக்கி அயலிலுள்ள சைவ வீடுகளுக்கு அனுப்புவார் அம்மா. தீபாவளிக்கு அதே தட்டு நிறைந்து திரும்பும். அன்பு என்றால் இதுதான் என்று வளர்ந்தோம். அதில் பொய்யில்லை, ஆனால் தட்டுக் கொடுப்பதில் ஆபத்து எதுவுமில்லை.

யான்பு செங்கடலோரத் துறைமுகம். 1975க்குப் பின் கைத்தொழில் நகரமும் எழுந்து, எம்மவரையும் இழுத்தது. டுபாயில், அபுதாபியில் கோயில் உண்டு. சவூதியில் இல்லை. டிசம்பர் 25 இங்கே வேலை நாள். எங்களைப் போன்ற சாப்பாட்டுக்கடைத் தொழிலாளருக்கு நத்தார் என்பது கடை பூட்டிய பின் யாரோ ஒருவர் தருகிற அறை. 1689ஐ இதனோடு ஒப்பிடுவது மிகைதான். இங்கே எவரும் எங்களை விலங்கிடவில்லை. என்றாலும் கபீல் காதுக்குப் போனால் என்ன ஆகுமோ என்ற யோசனை அறைக்காரருக்கு இருக்கும்.

சென்ற நத்தாருக்கு அறை தந்தவர் தஞ்சாவூர்ப் பக்கத்துச் சைவர். கட்டிலை நிமிர்த்திச் சுவரோடு சாத்தி, பாலன் குடிலுக்குத் தக்காளிப் பெட்டியொன்றும் கொண்டுவந்தார். செபம் ஒன்றும் அவருக்குத் தெரியாது. நாங்கள் முடிக்கும்வரை வாசலோரம் உட்கார்ந்திருந்தார்.