வெயிலில் காய்ந்ததும் தட்டில் உறைந்ததும்

வடசென்னையில் ரொட்டி சுடும் அடுப்பு எப்போதும் தெருவில்தான் இருந்தது, வீட்டுக்குள் வந்ததில்லை. ராயபுரத்திலும் பெரம்பூரிலும் இருந்த ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் பலவற்றுக்கும் இதுவே நிலை. டிசம்பர் பிறந்ததும் வீட்டில் முட்டை அடித்து, ஊறிய பழங்களைக் கொட்டி, கேக் மாவைக் கலப்பார்கள். பிறகு தட்டோடு தூக்கிக்கொண்டு பக்கத்து பேக்கரிக்குப் போவார்கள். ரொட்டி இறக்கிய அடுப்பில் மிச்சமிருக்கும் சூட்டில் கேக் வெந்து வரும். ஆண்டுக்கு ஒருமுறை நடக்கும் காரியம் அது. மற்ற நாட்களில், மற்ற வீடுகளில், குழந்தைகளுக்குப் பழத்தில் ஏதாவது இனிப்பு வேண்டுமென்றால் பிசைய வேண்டும், இடிக்க வேண்டும், வெயிலில் காயப்போட வேண்டும், இல்லையேல் ஆறவைத்து உறையவிட வேண்டும்.

இதில் வெயில் வழி மெல்லப் பின்வாங்கியது. உறையவிடும் வழி முன்னே வந்தது. அந்த மாற்றத்தில் சமையலறைக்கு இருக்கும் பங்கு பாதிதான். மீதிப் பாதி துறைமுகத்துக்கும் நிலக்கரிக்கும் உரியது.

பிசைவதில் தொடங்கலாம், அதுதான் எல்லோருக்கும் தெரிந்தது. பழனி பஞ்சாமிர்தத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் சேராது, அடுப்பும் ஏறாது. வாழைப்பழம், சர்க்கரை, தேன், நெய், ஏலக்காய், கூடவே பேரீச்சையும் கற்கண்டும். 2019ல் புவிசார் குறியீடு பெற்ற அந்தப் பிரசாதத்தின் சின்ன வடிவம் கிருத்திகை நாட்களில் எந்த முருக பக்தர் வீட்டிலும் நடக்கும். பழத்தை உரித்து மசிக்கும் வேலை பிள்ளைகளுக்கே விடப்படும். கை கழுவினாயா என்று நான்கு முறை கேட்டுவிட்டுத்தான் விடுவார்கள்.

இலந்தை வடை வேறு ரகம். மார்கழிக்கு மேல் மாசி வரை இலந்தைப் பழம் குவியும். பழத்தைக் கொட்டையோடு உரலில் போட்டு இடித்து, வெல்லம், புளி, காய்ந்த மிளகாய், உப்பு, பெருங்காயம் சேர்த்து மறுபடி இடித்து, வடையாகத் தட்டித் துணியில் காயவைப்பார்கள். இனிப்பா, ஊறுகாயா என்று முடிவுகட்ட முடியாத பண்டம். பள்ளிக்கூட வாசலில் அதுவே அதன் பலம். 1968ல் ‘பணமா பாசமா’ படத்தில் எல்.ஆர். ஈஸ்வரி குரலில் வந்த இலந்தைப் பழக்காரியின் பாட்டு, மெட்ராஸ் பாஷையின் உச்சரிப்பையே ஊர் ஊராகக் கொண்டுபோய்ச் சேர்த்தது. பழம் விற்பவளுக்குக் கிடைத்த அந்தப் புகழ் வடை தட்டியவர்களுக்குக் கிடைக்கவில்லை.

மாம்பழத் தாண்ட்ரா ஆந்திரத்திலிருந்து வந்தது. கோதாவரிக் கரையின் ஆத்ரேயபுரம் அதற்குப் பேர்போன ஊர். மாம்பழக் கூழில் வெல்லமோ சர்க்கரையோ கலந்து பாயில் மெல்லப் பூசி, அது காய்ந்ததும் அதன் மேல் இன்னொரு பூச்சு, மறுநாள் இன்னொன்று என்று அடுக்கிக்கொண்டே போவார்கள். வடசென்னையில் தெலுங்கு பேசும் குடும்பங்களுக்குப் பஞ்சமில்லை. கும்மிடிப்பூண்டியைத் தாண்டினால் எல்லை. சித்திரை, வைகாசி வெயிலில் ஒரு தாம்பாளமும் ஒரு மொட்டைமாடியும் இருந்தால் போதும். காக்கை விரட்டும் பொறுப்பு பிள்ளைகளுடையது. காக்கைக்குப் போனதைவிட அவர்கள் விரலில் வழித்ததே அதிகமாக இருந்திருக்கும்.

அந்த மொட்டைமாடிதான் பிறகு கைவிட்டது.

ராயபுரத்தில் 1856 ஜூலை 1 அன்று தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் வாலாஜா ரோட்டுக்குக் கிளம்பியது. கப்பலும் ரயிலும் பக்கம் பக்கமாக வந்த பிறகு தொழிற்சாலைகள் வடக்கே நகர்ந்தன. திருவொற்றியூரில் விம்கோ தீப்பெட்டி ஆலை வந்தது. இன்று மெட்ரோ நிலையத்தின் பெயரில் அது வாழ்கிறது. 1946ல் கே.எம். மாம்மன் மாப்பிள்ளை அதே ஊரில் ஒரு கொட்டகையில் குழந்தைகளுக்கான பலூன் செய்யத் தொடங்கினார். அதுதான் பின்னாளில் டயர் செய்யும் எம்.ஆர்.எஃப். ஆனது. 1948ல் எண்ணூரில் அசோக் மோட்டார்ஸ், 1955ல் திருவொற்றியூரில் என்ஃபீல்டு. கசக்கும் பேய்க்கரும்பு இனித்த இடமே தனக்கு முக்தித் தலம் என்று பட்டினத்தார் கண்டுகொண்டதாகவும், கடற்கரையில் சிறுவர்களோடு விளையாடிக்கொண்டே மறைந்ததாகவும் ஐதீகம் சொல்லும் அதே திருவொற்றியூர்தான் இது. அவர் சமாதிக் கோயிலுக்குப் போகிறவர்கள் கன்டெய்னர் லாரி வரிசையைக் கடந்துதான் போக வேண்டும்.

ஆலைகளைவிட வீட்டு மாடிகளை அதிகம் தொட்டது நிலக்கரி. சென்னைத் துறைமுகத்தில் இறக்கிய கரியின் தூள் காற்றில் ஏறி ராயபுரத்து வீடுகளில் படிந்தது. காயப்போட்ட வெள்ளை வேட்டி மாலையில் சாம்பல் நிறமாகும். தரையைத் துடைத்த துணி கருப்பாகும். குடியிருப்போரின் புகார்கள் வழக்காகி, 2011ல் சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரி, இரும்புத் தாது கையாள்வதை நிறுத்தச் சொல்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. கரி ராயபுரத்தை விட்டுப் போனது. எங்கே? 2001ல் நிலக்கரிக்காகவே திறக்கப்பட்ட எண்ணூர்த் துறைமுகத்துக்கு.

எண்ணூருக்கு இது புதிதும் இல்லை. 1970ல் அங்கே அனல்மின் நிலையம் ஓடத் தொடங்கியது, 2017ல்தான் மூடினார்கள். 1994ல் வடசென்னை அனல்மின் நிலையமும் சேர்ந்துகொண்டது. எரிந்த கரியின் சாம்பலைத் தண்ணீரில் குழைத்துக் குழாய் வழியே குட்டைகளுக்கு அனுப்புவார்கள். குழாய் உடைந்தால் கொசஸ்தலை ஆற்றில் சேரும். குட்டை காய்ந்தால் காற்றில் பறக்கும். பழத்தைக் காயவைக்கும் அதே கோடைதான் சாம்பல் குட்டையையும் காயவைக்கிறது. ஈரப்பசையோடு வெல்லம் பூசிய தாம்பாளத்தை அந்த மாடியில் எந்தத் தாய் விரித்து வைப்பாள்? வெயில் இனிப்புகள் குறைந்ததற்கு நேரமின்மை, மாடியில்லா வாடகைவீடு, கடையில் கிடைக்கும் பாக்கெட் என்று பல காரணங்கள் சொல்லலாம். இந்தப் பகுதியைப் பொறுத்தவரை காற்றை விட்டுவிட்டு அந்தப் பட்டியல் முழுமையாகாது.

வீட்டுக்குள்ளேயே, மூடிவைத்த தட்டிலேயே முடிந்துவிடும் இனிப்பு ஒன்று வேண்டியிருந்தது. அது ஏற்கெனவே மண்ணடியிலும் ராயபுரத்திலும் இருந்தது. கடற்பாசி.

ரமலான் மாலைகளில் நோன்புக் கஞ்சிக்கும் வடைக்கும் பக்கத்தில், வெட்டிய துண்டுகளாக அது இருக்கும். பாலில் செய்தது வெள்ளை, ரோஸ் சர்பத் ஊற்றியது இளஞ்சிவப்பு, இளநீரில் செய்தது கண்ணாடி. கடைக்காரர் ‘சைனா கிராஸ்’ என்பார். பாக்கெட்டில் பார்த்தால் வெளுத்த, சுருங்கிய நார்க் கற்றை, தொட்டால் சரசரக்கும். இதையா சாப்பிடப்போகிறோம் என்று குழந்தைகள் கேட்பது வழக்கம்.

அதன் பிறப்பிடம் ஜப்பான். பதினேழாம் நூற்றாண்டில் ஒரு விடுதிக்காரர் மிச்சமான பாசிக் கூழைக் குளிர்கால இரவில் வெளியே கொட்டினாராம். அது இரவில் உறைந்து பகலில் உருகிக் காய்ந்து, மறுபடி காய்ச்சக்கூடிய நாராக மாறியதாம். அகர் அகர் என்ற மலாய்ப் பெயரிலேயே உலகம் அதை அறிந்தது. மலாயாவுக்கும் சென்னைக்கும் இடையே பல பத்தாண்டுகள் ஓடிய ‘ரஜூலா’ கப்பலையும், அதற்குப் பின் வந்த ‘சிதம்பர’த்தையும் நினைத்துப் பார்த்தால், எத்தனை டிரங்குப் பெட்டிகளின் மூலையில் இந்த நார்க் கற்றை இறங்கியிருக்கும் என்று ஊகிக்கலாம். பர்மாவிலும் அது வீட்டுப் பண்டம்தான். அங்கே தேங்காய்ப் பாலில் செய்வார்கள். கீழே தெளிந்த அடுக்கு, மேலே வெள்ளை அடுக்கு. 1962ல் ராணுவ ஆட்சி வந்து, கடைகளும் தொழில்களும் அரசுடைமையான பின் ஒரு லட்சத்துக்கும் அதிகமானோர் பர்மாவிலிருந்து தமிழ்நாட்டுக்குத் திரும்பினார்கள். வியாசர்பாடி போன்ற இடங்களில் குடியேறியவர்களும், துறைமுகத்துக்கு எதிரே பர்மா பஜாரில் கடை போட்டவர்களும் இவர்களே. பர்மிய உணவுகளான அத்தோவும் மொய்ங்காவும் தெருவண்டியில் ஏறிப் பேர் வாங்கின. வீட்டுக்குள் செய்யும் இனிப்புக்கு அந்த விளம்பரம் தேவைப்படவில்லை.

ஜெல்லி என்றால் ஐரோப்பியருக்கு ஜெலட்டின். அது ஏறத்தாழ 35 டிகிரியிலேயே இளகிவிடும். சென்னையின் மே மாதம் அதைத் தாண்டும். 1840களில் வெள்ளைக்காரர்களின் மேசைக்குக் குளிர்ச்சி வேண்டி, பாஸ்டன் நகரத்து வணிகர் டியூடரின் ஐஸ் கட்டிகள் கப்பலில் வந்தன. அன்று துறைமுகமே கிடையாது. கப்பல் தூரத்தில் நிற்க, மசூலா படகுகள்தான் அலையைத் தாண்டிச் சரக்கைக் கரை சேர்த்தன. திருவல்லிக்கேணியில் 1842ல் கட்டிய ஐஸ் ஹவுஸ் இன்றும் நிற்கிறது. கடற்பாசிக்கு இந்தப் பாடெல்லாம் வேண்டாம். 35, 40 டிகிரிக்கு வந்தாலே உறைந்துவிடும். உறைந்தது மறுபடி உருக 85 டிகிரி வேண்டும். பிரிட்ஜ் இல்லாத வீட்டிலும், கரண்ட் போன மதியத்திலும் அசையாமல் நிற்கும்.

இதே குணத்தால்தான் அது ஆய்வகத்துக்குள்ளும் நுழைந்தது. 1881ல் பெர்லினில் ராபர்ட் கோக்கின் ஆய்வகத்தில் வேலை செய்த வால்தர் ஹெஸ்ஸேவுக்கு ஒரே தலைவலி: கிருமி வளர்க்கும் ஜெலட்டின் சூட்டில் இளகிக்கொண்டே இருந்தது. அவர் மனைவி ஃபேனி வீட்டில் செய்யும் ஜெல்லி மட்டும் கோடையிலும் கெட்டியாக இருந்தது. ஜாவாவில் வாழ்ந்து வந்தவர்களிடம் கற்ற அகர் பக்குவம் அது. ஃபேனி சொன்ன யோசனைதான் இன்று உலகின் எல்லா ஆய்வகங்களிலும் வட்டத் தட்டுகளில் இருக்கிறது. கண்டுபிடிப்புக்கு ஃபேனியின் பெயரை யாரும் வைக்கவில்லை.

பழத்தோடு சேரும்போதும் கடற்பாசி ஒரு படி மேல். பச்சை அன்னாசியும் பப்பாளியும் ஜெலட்டினை உறையவே விடாது. அவற்றிலுள்ள நொதி அதன் புரதத்தை அறுத்துவிடும். கடற்பாசியில் அறுக்கப் புரதம் இல்லை. விலங்கிலிருந்து எடுக்காத பொருள் என்பதால், எந்த மதத்துப் பண்டிகைத் தட்டிலும் கேள்வியின்றி அமர்ந்தது.

செய்முறை சிறியது, ஆனால் சொதப்ப இடமுண்டு. 10 கிராம் நாரைக் கத்தரியால் துண்டாக்கி ஊறவைப்பது பிள்ளைகள் வேலை. ஒரு லிட்டர் தண்ணீரிலோ பாலிலோ அதைக் காய்ச்சுவது பெரியவர் வேலை; ஒரு இழைகூட மிஞ்சாமல் கரைய வேண்டும், அவசரப்பட்டால் வாயில் நரம்பு தட்டும். சர்க்கரை போட்டு வடிகட்டி இறக்கிய பிறகுதான் பழம். அடுப்பில் இருக்கும்போதே புளிப்புப் பழத்தைச் சேர்த்துக் கொதிக்கவிட்டால் புளிப்பு பாசியின் பிடிப்பைக் குலைக்கும். துண்டு நிற்காமல் தளரும். மாம்பழக் கூழைப் பிரிட்ஜிலிருந்து எடுத்து அப்படியே கொட்டினாலும் வம்புதான், அது பட்ட இடமெல்லாம் முன்கூட்டியே உறைந்து கட்டி தட்டும். கூழ் அறைச்சூட்டில் இருக்க வேண்டும். இரண்டு நிற அடுக்கு வேண்டுமென்றால், கீழ் அடுக்கு விரலில் லேசாக ஒட்டும் பதத்தில் மேல் அடுக்கை ஊற்ற வேண்டும். முழுக்க உறைந்த பின் ஊற்றினால் வெட்டும்போது இரண்டும் தனித்தனியே வழுக்கிப் பிரியும். “ஆயா, ஒட்டுது, ஊத்தலாமா?” என்று பதம் பார்ப்பவருக்குத் தட்டில் விரல் தடம் விடும் உரிமையும் உண்டு.

ஆங்கிலோ இந்திய வீடுகளின் கொய்யா சீஸ் இந்த இடத்தில் தோற்றது. அதுவும் பேக்கரிக்குப் போகாத பழ இனிப்புதான், சுவையில் குறையில்லை. ஆனால் கொய்யாக் கூழைச் சர்க்கரையோடு நெடுநேரம் கிளற வேண்டும், கொதிக்கும் பாகு கையில் தெறிக்கும். பிள்ளைகளைப் பக்கத்தில் சேர்க்க முடியாது.

இரண்டாம் உலகப் போரில் ஜப்பானிய அகர் வராமல் போனதும், இந்தியாவும் தன் கரையில் தேடத் தொடங்கியது. கிடைத்த இடம் மன்னார் வளைகுடா. மண்டபம், பாம்பன், ராமேஸ்வரம் பகுதிப் பெண்கள் கண்ணாடி கட்டி, கைவிரலில் துணி சுற்றி, மூச்சடக்கி மூழ்கிக் கஞ்சிப்பாசியும் மரிக்கொழுந்துப்பாசியும் பறித்தார்கள். அது மதுரைப் பக்கத்து ஆலைகளில் அகர் ஆனது. 1986ல் அங்குள்ள 21 தீவுகள் தேசியப் பூங்காவான பின் அவர்கள் போய்வந்த இடங்களில் கட்டுப்பாடு வந்தது. மண்ணடிக் கடையில் பாக்கெட் வாங்குபவருக்கு இந்தக் கணக்கு தெரிய வழியில்லை, அட்டையில் பிராண்டின் பெயர் மட்டுமே இருக்கிறது.

தட்டில் எந்தப் பழம் என்பதைப் பிறை முடிவு செய்கிறது. ரமலான் ஆண்டுக்கு ஏறத்தாழ 11 நாள் முன்னே நகரும். 2018ல் அது மே நடுவில் தொடங்கியது. பங்கனப்பள்ளியும் நுங்கும் தெருவெங்கும் கிடைத்த நேரம். 2026ல் பிப்ரவரியிலேயே வந்துவிட்டது, மாம்பழம் சந்தைக்கு வருமுன்பே. அப்போது தட்டுக்குள் போவது பப்பாளியும் ஆரஞ்சும் இளநீர் வழுக்கையும். 2030ல் ஜனவரியில் ஒன்று, டிசம்பரில் இன்னொன்று என ஒரே ஆண்டில் இரண்டு முறை நோன்பு தொடங்கும். மறுபடி மாம்பழக் கடற்பாசி நோன்பு திறக்கும் மேசைக்கு வர, 2040களின் பிற்பகுதி ஆகிவிடும்.