"ரேடியோ" பங்கின் எழுச்சியும் வீழ்ச்சியும்

1929 ஆம் ஆண்டின் பங்குச் சந்தை வீழ்ச்சியைப் பற்றி எழுதுவோர், அதனை மக்களின் பேராசைக்குக் கிடைத்த தண்டனையாகவே காட்டிச் செல்வதுண்டு. ஆயின், அக்காலத்து நியூ யோர்க் பங்குச் சந்தையில் "ரேடியோ" என்ற ஒற்றைச் சொல்லால் அழைக்கப்பட்ட கம்பனியின் வரலாற்றை நோக்குமிடத்து, அக்கூற்று பாதி உண்மையே என்பது புலனாகும்.

அமெரிக்க வானொலிக் கூட்டுத்தாபனம், அமெரிக்க மார்க்கோனிக் கம்பனியின் உடைமைகளைப் பொறுப்பேற்று, ஜெனரல் இலெக்றிக் நிறுவனத்தின் முயற்சியால் 1919 இல் நிறுவப்பட்டது. கடல் கடந்து செய்தி அனுப்புவதே அதன் முதல் நோக்கமாயிருந்தது. 1920 இல் பிற்ஸ்பேர்க் நகரிலிருந்து கே.டி.கே.ஏ. நிலையம் ஒலிபரப்பத் தொடங்கியதும், வானொலி வீட்டுப் பொருளாயிற்று. ஐக்கிய அமெரிக்காவில் 1922 இல் 6 கோடி டொலராக இருந்த வானொலிச் சாதன விற்பனை, 1929 இல் 84 கோடியைத் தாண்டியது. எனவே, மக்கள் நம்பிக்கை வைத்த பொருள் பொய்ப்பொருளன்று.

பொய் விலையிலேயே புகுந்தது. 1928 மார்ச் தொடக்கத்தில் 94½ டொலராக இருந்த பங்கு, 1929 செப்டெம்பர் 3 ஆம் திகதி 101 டொலராக நின்றது. இடையில் ஒரு பங்கு ஐந்தாகப் பிரிக்கப்பட்டமையால், பழைய கணக்கில் இது 505 டொலராகும். இத்தனைக்கும் அக்கம்பனி அதுவரை ஒரு சதமேனும் பங்கிலாபம் வழங்கியதில்லை. வாங்கியோருட் பலர் விலையின் ஒரு பகுதியை மட்டும் கொடுத்து, எஞ்சியதைத் தரகரிடம் கடனாகப் பெற்றிருந்தனர்.

இந்நிலையைப் பயன்படுத்தத் தெரிந்தவர்களும் இருந்தனர். 1929 மார்ச்சில், மைக்கல் மீஹன் என்னும் தரகரின் முகாமையில் செல்வந்தர் குழுவொன்று பணத்தைத் திரட்டி, அப்பங்கை வாங்கியும் விற்றும் சந்தையிற் பரபரப்பை உண்டாக்கியது. விலையேற்றத்தைக் கண்டு வெளியார் வாங்க முந்தியபோது, குழுவினர் விற்று விலகினர். சில நாட்களில் அவர்கள் ஈட்டிய இலாபம் ஏறத்தாழ 50 இலட்சம் டொலர். அன்றைய சட்டம் இதனைத் தடுக்கவில்லை.

ஒக்டோபரில் சந்தை சரிந்தது. 1932 இல் அப்பங்கின் விலை 2½ டொலராகத் தாழ்ந்தது. எனினும், வானொலி அழியவில்லை. மந்த காலத்திலும் கேட்போர் தொகை பெருகியது. 1939 இல் நியூ யோர்க் உலகக் கண்காட்சியில் அதே கூட்டுத்தாபனம் தொலைக்காட்சியை மக்கள் முன் வைத்தது. 1986 இல் ஜெனரல் இலெக்றிக் நிறுவனமே அதனை மீண்டும் வாங்கிக்கொண்டது.

இதிலிருந்து நாம் பெறத்தக்க முடிபு யாது? ஒரு கண்டுபிடிப்பு உலகை மாற்றும் என்று கணித்தவர்கள் பிழைபடவில்லை. அக்கணிப்புக்கு எவ்விலையும் தகும் என்று கொண்டதே பிழை. ஆனால், அப்பிழையின் சுமை சமமாகப் பங்கிடப்படவில்லை. விலையை ஆக்கியோர் முன்னரே வெளியேற, அதனை நம்பியோரே கடனாளிகளாயினர். விலையைச் செயற்கையாக உயர்த்தும் கூட்டுகளைத் தடைசெய்து, கடனிற் பங்கு வாங்குவதற்கு வரம்பு விதிக்க வழிவகுத்த 1934 ஆம் ஆண்டுச் சட்டம், இவ்வுண்மையைக் காலந்தாழ்த்தியேனும் ஏற்றுக்கொண்டது. பேராசையை மட்டுமே குற்றவாளியாக்கும் வரலாறு, இவ்வேறுபாட்டை மறைத்துவிடுகின்றது.