தேத்தண்ணி வடியும் கால்மன் வடியும்

பாடனில் இருந்து சூரிச் போகும் பாதைதான் சுவிஸ் நாட்டுக்குள்ளேயே போட்ட முதல் தொடருந்துப் பாதை. 1847 ஓகஸ்ட் 9 இல் திறந்தார்கள். பாடன் பேக்கரிகளின் ‘ஸ்பானிஷ் ப்ரோட்லி’ என்ற பலகாரத்தின் பெயரே அந்தத் தொடருந்துக்குப் பட்டப்பெயராக ஒட்டிக்கொண்டது.

அடுத்தமுறை அதில் போகும்போது உங்கள் போனைச் சன்னலோர மேசையில் வைத்து, முடுக்கத்தைக் காட்டும் ஏதாவதொரு அப்பைத் திறந்து பாருங்கள். போன் சும்மா கிடப்பதாகத்தான் கண்ணுக்குத் தெரியும். திரையில் ஓடும் கோடோ காய்ச்சல் வந்தவன்போல நடுங்கும். ஒவ்வொரு அதிர்வும் அதில் பதிகிறது. ஆனாலும் போன் தான் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பதைத் தடுமாறாமல் சொல்லிவிடுகிறது. எப்படி?

போனுக்குள் இரண்டு சாட்சிகள் இருக்கிறார்கள். முடுக்கமானி புவியீர்ப்பை வைத்துக் கீழ்ப்பக்கம் எது என்று சொல்லும். ஆனால் சிறு அதிர்வுக்கும் பதறிவிடும். ஜைரோ பதறாது, சுழலும் வேகத்தை அழகாக அளக்கும். அதைக் கூட்டிக் கூட்டிச் சாய்வைக் கணக்கிட்டால், ஒவ்வொரு தடவையும் வரும் சின்னப் பிழையும் சேர்ந்து, சில நிமிடங்களில் நேராக இருக்கும் போனையே சரிந்து கிடப்பதாகச் சொல்லும். ஒருவர் பதற்றக்காரர், மற்றவர் மெல்ல மெல்ல வழிதவறுபவர்.

பில்டர் என்றதும் நமக்கு வீட்டுத் தேத்தண்ணி வடிதான் நினைவுக்கு வரும். சாயம் கீழே போகும், சக்கை மேலே நிற்கும். இங்கே அந்த உவமை பாதிதான் பொருந்தும். இந்த வடி எதையும் எறிவதில்லை. இரண்டு சாட்சிகளையும் கேட்டு, யாரை எவ்வளவு நம்பலாம் என்று நிறுத்துப் பார்க்கிறது.

இப்படி நிறுத்துப் பார்க்கும் கணக்கை உலகம் முழுக்கப் பரப்பியவர் ருடோல்ஃப் கால்மன். 1930 இல் புடாபெஸ்டில் பிறந்தவர். போர் நடந்துகொண்டிருந்த 1943 இல் அமெரிக்கா போனார். அவருக்கு முன்பே நோர்பேர்ட் வீனர், விமான எதிர்ப்புப் பீரங்கிகளுக்காக ஒரு வடி கண்டுபிடித்திருந்தார். அதற்குக் கடந்தகால அளவீடுகள் முழுவதும் வேண்டும். 1958 நவம்பர் இறுதியில் ஓர் இரவு, ப்ரின்ஸ்டனில் இருந்து திரும்பிய கால்மனின் தொடருந்து பால்டிமோருக்கு வெளியே ஒரு மணிநேரம் அளவில் நின்றுவிட்டது. வீனரின் கணக்கை வேறு விதமாக எழுதலாமே என்ற எண்ணம் அங்கேதான் வந்ததாம். (எஸ்.பி.பி. தொடருந்து அவ்வளவு நேரம் நின்றால் நாம் என்ன செய்வோம் என்று எனக்குத் தெரியும்.)

அவர் வழியில் பழைய அளவீடுகள் எதையும் சேர்த்து வைக்கத் தேவையில்லை. கடைசி மதிப்பீடு, அதில் எவ்வளவு சந்தேகம், இந்த இரண்டும் போதும். புது அளவீடு வந்ததும் திருத்திவிட்டுப் பழையதை மறந்துவிடலாம். என்னைக் கேட்டால், முழு விடயமும் இந்த மறதியில்தான் இருக்கிறது. சின்னக் கணினியிலும் அது அடங்கியதற்குக் காரணம் அதுதான்.

மின்பொறியியலாளர்கள் முதலில் நம்பவில்லை. 1960 இல் அந்தக் கட்டுரை இயந்திரப் பொறியியலாளர்களின் சஞ்சிகையில் வெளிவந்தது. ஏறத்தாழ இதே கணக்கை பீட்டர் ஸ்வேர்லிங் 1958 இலேயே எழுதியிருந்தார். ஆனால் நிலைத்த பெயர் கால்மனுடையது. அதே 1960 இல் நாசாவின் ஸ்டான்லி ஷ்மிட் அதைப் பிடித்துக்கொண்டார். சந்திரனுக்குப் போகும் கலம் எங்கே இருக்கிறது, என்ன வேகத்தில் போகிறது என்று கணிக்க அவருக்கு ஒரு வழி தேவைப்பட்டது.

அப்போலோ கணினி 30 கிலோவுக்கு மேல் எடை. எழுதி அழிக்கக்கூடிய நினைவகம் 2048 சொற்கள், ஏறத்தாழ 4 கிலோபைட். அவ்வளவு குறுகிய எண்களில் கணக்குப் போட்டால், சந்தேகத்தின் அளவு ஒருகட்டத்தில் பூச்சியத்துக்குக் கீழே போய்விடலாம். அதற்கு அர்த்தமே இல்லை. எம்.ஐ.டி.யின் ஜேம்ஸ் பொட்டர் ஒரு தந்திரம் செய்தார்: சந்தேகத்தை வைக்காமல் அதன் வர்க்கமூலத்தை வைத்துக்கொண்டார். எந்த எண்ணையும் வர்க்கித்தால் மறை எண் வராதே!

இன்று பாடசாலைகளில் பாவிக்கும் ஆர்டுயினோ ஊனோவில் இருப்பது 2 கிலோபைட், அதில் பாதி. அதனால் பலர் இன்னும் எளிய வடியைத்தான் எழுதுகிறார்கள்:

புதிய சாய்வு = 0.98 × (பழைய சாய்வு + ஜைரோ வேகம் × நேரம்) + 0.02 × முடுக்கமானிச் சாய்வு

ஒரே வரி. பொறுத்த நேரத்துக்கு ஜைரோவை நம்பு, போகப் போக முடுக்கமானியால் திருத்து. கால்மனின் வடி இந்த 0.98 ஐயும் 0.02 ஐயும் ஒவ்வொரு கணமும் தானே கணக்கிடும். அதுதான் பெரிய வித்தியாசம்.

1973 இல் கால்மன் சூரிச்சில், நாங்கள் ஏ-டே-ஹா என்று சொல்லும் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ஆனார். 1997 வரை அங்கே இருந்தார். எண்பதுகளில் நம் அப்பாமார் பலர் இந்த நாட்டு உணவகங்களில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தபோது, அவர் சில தெரு தள்லிப் பாடம் நடத்தியிருப்பார். அந்த ஆண்டுகளில் அவர் தன் வடியைப் பாவிப்பவர்களையே விமர்சித்தார். இரைச்சல் இப்படித்தான் இருக்கும் என்று பார்க்காமலே எடுத்துக்கொள்வது அவருக்குப் பிடிக்கவில்லை. அவர் சொன்னது சரி என்றுதான் நினைக்கிறேன். இணையத்தில் இருந்து 0.98 ஐ அப்படியே எடுத்து ஒட்டுவதும் அதே வேலைதான். அதைவிட, சென்சரை ஒரு மேசையில் அசையாமல் வைத்து ஆயிரம் அளவீடு எடுத்துப் பாருங்கள். எவ்வளவு நடுங்குகிறது, எந்தப் பக்கம் நகர்கிறது என்று தெரியும். பிறகு கையால் கொஞ்சம் சூடாக்கிவிட்டுத் திரும்பவும் எடுங்கள். ஜைரோ சொல்லும் பூச்சியம் இடம் மாறியிருக்கும்.