பார்ப்போர் பட்டியலின் வரலாறு

2004இல் தொடங்கப்பட்ட ஆர்குட், இந்தியாவில் பெருவாரியாகப் பரவிய தொடக்ககாலச் சமூக வலைத்தளங்களுள் ஒன்று. ஒருவரின் பக்கத்தைப் பார்த்துச் சென்றோரின் பெயர்களை அவருக்குக் காட்டும் வசதியை அது பின்னர் சேர்த்தது. அவ்வசதியை அணைத்தவர் பிறரது பட்டியலிலிருந்து மறைந்தார். தம் பக்கத்துக்கு வந்தவரை அறியும் வாய்ப்பையும் இழந்தார். 2014இல் ஆர்குட் மூடப்பட்டது. அந்தப் பண்டமாற்று விதி நிலைத்தது. அதே ஆண்டில் நீலக் குறிகளை அறிமுகப்படுத்திய வாட்ஸ்அப், 2017 பிப்ரவரியில் 24 மணி நேரத்தில் மறையும் ஸ்டேட்டஸைக் கொண்டுவந்தபோது அதே விதியையே பின்பற்றியது: தாம் பார்த்ததை மறைப்பவர், தமது ஸ்டேட்டஸைப் பார்த்தவரை அறிய இயலாது.

அவ்வாண்டு ஆகஸ்ட் 24 அன்று, புட்டசாமி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகள் அமர்வு, அந்தரங்கம் அடிப்படை உரிமையே என ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. காவல்துறைக் கண்காணிப்பு தொடர்பான கரக் சிங் வழக்கில் 1962இல் அவ்வுரிமையை ஏற்க மறுத்த நிலைப்பாடு அதனால் கைவிடப்பட்டது.

உரிமைக்கு ஈடு கேட்கப்படுவதில்லை. சமூக வலைத்தளங்களிலோ அந்தரங்கம், பயனர்கள் தமக்குள் ஈடுகொடுத்துப் பெறும் சலுகையாகவே நீடிக்கிறது. அச்சலுகையும் பயனரைச் சக பயனரிடமிருந்து மட்டுமே மறைக்கிறது. தளத்தை நடத்தும் நிறுவனம் அந்தப் பண்டமாற்றுக்கு வெளியே நிற்கிறது.