ரோஷமும் வியாபாரமும்: சீனாவும் யப்பானும் கைகுலுக்கிய கதை



சென்ற மாத உரையில் இரண்டாம் உலக யுத்தம் ஆசியாவில் எப்படி முடிந்தது என்று பேசியிருந்தேன். நிகழ்ச்சி முடிகிற நேரத்தில் ஒரு பெரியவர் தொலைபேசியில் வந்தார். "தம்பி, என்ர வீட்டுச் சோறு காய்ச்சுற மெஷினிலை யப்பான்காரன்ர பேர் கிடக்கு. அடியைத் திருப்பிப் பார்த்தால் சீனாவிலை செய்தது எண்டு கிடக்கு. உவன்ர தாய் தேப்பனை அவன் கொன்றவன் எண்டு இப்பதானே சொன்னனீர். பிறகு என்னண்டு சேர்ந்து யாவாரம் செய்யிறாங்கள்? ரோஷம் இல்லையோ?" என்று கேட்டார்.

நேரம் முடிந்துவிட்டதால் "அடுத்த மாதம் சொல்லுறன் ஐயா" என்று சொல்லி வைத்துவிட்டேன். ஆனால் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. அவருடைய கேள்வி சீனனைப் பற்றியது மட்டுமல்ல என்பது எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். ஆகவே இம்முறை அதையே எழுதுகிறேன்.

கணக்கு 1895 இல் தொடங்குகிறது. அந்த வருடம் முடிந்த யுத்தத்தில் தோற்ற சீனா, தாய்வானை யப்பானுக்குக் கொடுத்தது. அத்துடன் 20 கோடி தேல் வெள்ளியை நட்டஈடாகக் கட்ட ஒப்புக்கொண்டது. இன்றைய நிறையில் அது சுமார் 7500 தொன். அதன்பின் 1931 இல் மஞ்சூரியாவை யப்பான் பிடித்தது. 1937 யூலையில் முழு யுத்தம் தொடங்கியது, டிசம்பரில் நான்ஜிங் படுகொலை நடந்தது. 1945 இல் யப்பான் சரணடைந்தபோது சீனாவில் இறந்தவர்களின் தொகை கோடிக் கணக்கைத் தொட்டிருந்தது.

1951 செப்ரெம்பரில் யப்பானுடன் சமாதானம் செய்ய சான் பிரான்சிஸ்கோவில் மகாநாடு கூடியது. மிக அதிகமாக அடிபட்ட நாடு சீனா. ஆனால் மாவோவின் சீனாவுக்கும் அழைப்பில்லை, தாய்வானிலிருந்த சியாங் கை ஷேக்கின் அரசுக்கும் அழைப்பில்லை. அந்த மகாநாட்டில் யப்பானுக்காகப் பலமாகப் பேசியவர் எங்களுக்கு நன்கு தெரிந்த ஒருவர்: அன்று இலங்கையின் நிதியமைச்சராயிருந்த ஜே. ஆர். ஜெயவர்த்தனா. புத்தரின் போதனையை எடுத்துச் சொல்லி, இலங்கை நட்டஈடு கேட்காது என்று அறிவித்தார். யப்பானியர் இன்றும் அதை நன்றியோடு நினைக்கிறார்கள். அதே மனிதர் ஜனாதிபதியாயிருந்த 1983 யூலையில் எங்களுக்கு என்ன நடந்தது என்பதை நான் இங்கே விளக்கத் தேவையில்லை. அந்நியனுக்குக் கருணை காட்டுவது சில வேளைகளில் சுலபமான காரியம்.

1952 இல் யப்பான் தாய்வான் அரசுடன் மட்டும் உடன்படிக்கை செய்தது. அமெரிக்காவின் நெருக்கல் அதற்கு ஒரு பெரிய காரணம். பீக்கிங்கை யப்பான் அங்கீகரிக்கவில்லை. தூதரகம் இல்லை, கொடிக்கு மரியாதை இல்லை. ஆனால் அதே வருடம் யப்பானின் அரசியல்வாதிகள் மூவர், அரசின் விருப்பத்துக்கு மாறாக மொஸ்கோ போய், அங்கிருந்து பீக்கிங்குக்குப் போனார்கள். அதில் ஒருவர் கோரா தோமி என்ற பெண்மணி. பக்கத்துக்கு 30 மில்லியன் பவுண் பெறுமதியான பண்டமாற்று ஒப்பந்தம் ஒன்றில் கையெழுத்திட்டார்கள். இது அரசுகள் செய்த ஒப்பந்தமல்ல. இலங்கையும் அதே 1952 இல், தூதரகம் எதுவும் திறக்காமலேயே, சீனாவுடன் றப்பர்–அரிசி ஒப்பந்தம் செய்தது என்பதை நினைவில் வையுங்கள். சாமான் முதலில் போகும், தூதுவர் பிறகு போவார். அந்தக் காலத்தின் வழக்கம் அதுதான்.

இந்த வழி எவ்வளவு மெல்லிய நூல் என்பது 1958 மே மாதம் தெரிந்தது. நாகசாகியில் ஒரு கடைத்தொகுதியில் சீன முத்திரைக் கண்காட்சி நடந்தது. ஒரு இளைஞன் அங்கிருந்த சீனக் கொடியை இழுத்து விழுத்தினான். அங்கீகரிக்கப்படாத நாட்டின் கொடி என்பதால் அந்நியக் கொடியை அவமதித்த சட்டம் அவன்மேல் பாயவில்லை. பீக்கிங் ஆத்திரமடைந்து முழு வியாபாரத்தையும் நிறுத்தியது. ஆகவே ஐயா, ரோஷம் இல்லாமல் இல்லை. நிறைய இருந்தது.

அப்படியென்றால் மீண்டும் ஏன் தொடங்கினார்கள்? தேவை. 1960 இல் சோவியத் யூனியன் தன் நிபுணர்களைச் சீனாவிலிருந்து திருப்பி அழைத்தது. மாவோவின் பெரும் பாய்ச்சல் திட்டம் கொடும் பஞ்சத்தில் முடிந்திருந்தது. உரம் வேண்டும், உருக்கு வேண்டும், தொழிற்சாலை இயந்திரம் வேண்டும். யப்பானுக்கு நிலக்கரியும் இரும்புத்தாதும் சோயாவும் வேண்டும்.

1962 நவம்பரில் இருவர் ஒரு உடன்பாட்டில் கையெழுத்திட்டார்கள். சீனத் தரப்பில் லியாவோ செங்சி. அவர் ரோக்கியோவில் பிறந்து, அங்கே படித்து, ரோக்கியோக்காரர் போலவே யப்பானிய மொழி பேசியவர். யப்பானியத் தரப்பில் தக்கசாக்கி தட்சுனோசுகே. யுத்தகாலத்தில் மஞ்சூரியாவின் கனரகத் தொழில் நிறுவனத்தை நடத்தியவர், தோல்விக்குப் பின் அங்கேயே நின்று தன் மக்கள் ஊர் திரும்ப உழைத்தவர். ஒருவர் எதிரியின் மொழியை அறிந்தவர், மற்றவர் எதிரியின் மண்ணை அறிந்தவர். ஐந்து வருடத்துக்கு, வருடம் சராசரி 36 மில்லியன் பவுண் வியாபாரம் என்று பேசி முடித்தார்கள். 1964 இல் தொடங்கி இரு தலைநகரங்களிலும் தொடர்பு அலுவலகங்கள் வந்தன, பத்திரிகையாளர்கள் மாறிப் போனார்கள். பெயர்தான் வியாபாரம். உண்மையில் அது கதவில் வைத்த கால்.

1971 யூலையில் நிக்சன் தான் பீக்கிங் போகப்போவதாக அறிவித்தார். இத்தனை வருடமும் அமெரிக்காவின் சொல்லைக் கேட்டிருந்த யப்பானுக்கு முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லப்படவில்லை. அடுத்த வருடம் பிரதமரான தனாகா காகுவெய், 1972 செப்ரெம்பர் 25 ஆம் திகதி பீக்கிங்கில் இறங்கினார். இளவயதில் மஞ்சூரியாவில் சிப்பாயாக இருந்தவர் அவர்.

அன்றிரவு விருந்தில் அவர் பேசினார். சீன மக்களுக்குப் பெரும் "மெய்வாக்கு" கொடுத்துவிட்டோம், அதற்கு வருந்துகிறோம் என்றார். யப்பானிய மொழியில் அந்தச் சொல் இடம்பார்த்துக் கனமாகவும் வரும், இலேசாகவும் வரும். சீனத்தில் மொழிபெயர்த்தபோது "தொந்தரவு" என்ற பொருளில் வந்தது. கோடிக்கணக்கான உயிர்களுக்குத் தொந்தரவா! கூடியிருந்தவர்களின் முகம் மாறியது. மறுநாள் பிரதமர் சூ என்லாய் இதை நேரே எடுத்தார்: வழியில் போகிற பெண்ணின் பாவாடையில் தண்ணீர் தெறித்தால் சொல்லுகிற சொல்லல்லவா இது என்று கேட்டார். ஒரு சொல்லால் பேச்சே முறியும் நிலை வந்தது. இறுதியில் 29 ஆம் திகதி வெளிவந்த கூட்டறிக்கையில், யுத்தத்தால் சீன மக்களுக்குப் பெரும் சேதம் விளைவித்த பொறுப்பை யப்பான் உணர்ந்து தன்னையே கடிந்துகொள்கிறது என்ற கருத்து எழுதப்பட்டது. யப்பான் தாய்வானுடனான இராஜதந்திர உறவை முறித்தது. சீனா நட்டஈட்டுக் கோரிக்கையைக் கைவிட்டது.

ஏன் கைவிட்டது? சாதாரண யப்பானிய மக்களும் இராணுவவாதிகளால் பாதிக்கப்பட்டவர்களே, அவர்கள்மேல் சுமை ஏற்றக்கூடாது என்று சீன அரசு தன் மக்களுக்கு விளக்கம் கொடுத்தது. நட்டஈட்டின் பாரம் எப்படியென்று 1895 இல் அனுபவித்தவர்கள் அவர்கள். சோவியத் பயம், தாய்வானைத் தனிமைப்படுத்தும் நோக்கம் ஆகியவையும் இருந்தன.

அதன்பின் வேலைகள் வேகமாக நடந்தன. 1978 ஒகஸ்ற்றில் சமாதான நட்புறவு ஒப்பந்தம் கையெழுத்தானது. ஒக்ரோபரில் டெங் சியாவோபிங் யப்பான் போய், அதிவேக ரயிலில் ஏறி, தொழிற்சாலைகளைச் சுற்றிப் பார்த்தார். ஷங்காய் அருகே பாவோஷான் உருக்காலை யப்பானியத் தொழில்நுட்பத்தில் எழுந்தது. 1979 இல் தொடங்கிய யென் கடன்கள் 2007 வரை 3 இலட்சம் கோடி யென்னைத் தாண்டின. துறைமுகம், ரயில்பாதை, விமான நிலையம் என்று போட்டார்கள். நட்டஈடு என்ற பெயர் இல்லை, ஆனால் இரு பக்கத்திலும் பலர் மனதில் அதை அப்படித்தான் எண்ணினார்கள். 1972 இல் சுமார் 1.1 பில்லியன் டொலராயிருந்த வியாபாரம் 2011 இல் 300 பில்லியனைத் தாண்டியது. பெரியவர் வீட்டு மெஷின் வந்த வழி இதுதான்.

ஆனால் கதை இங்கே முடியவில்லை. நட்டஈட்டைக் கைவிட்டது அரசு. அடிபட்டவர்களை யாரும் கேட்கவில்லை. யுத்தகாலத்தில் ஏறக்குறைய 39,000 சீனர்கள் யப்பானின் சுரங்கங்களுக்கும் கட்டுமான வேலைகளுக்கும் கட்டாயமாகக் கொண்டுபோகப்பட்டார்கள். அவர்களில் 6800 பேருக்கு மேல் அங்கேயே இறந்தார்கள். தப்பியவர்கள் முதுமையில் வழக்குப் போட்டபோது, 1972 கூட்டறிக்கையின்படி நீதிமன்றத்தில் கேட்கும் உரிமை இல்லை என்று 2007 ஏப்பிரலில் யப்பானின் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2016 இல் மிற்சுபிஷி மெற்றீரியல்ஸ் நிறுவனம் மன்னிப்புக் கேட்டு, ஆளுக்கு ஒரு இலட்சம் யுவான் கொடுக்க இணங்கியது. அதற்குள் பெரும்பாலானோர் இறந்துவிட்டார்கள்.

மூடிவைத்த காயம் சும்மா இருக்காது. யுத்தக் குற்றவாளிகளையும் சேர்த்து வணங்கும் யசுகுனி ஆலயத்துக்கு 2001 முதல் 2006 வரை பிரதமர் கொய்சுமி போய்வந்தார். 2005 இல் சீன நகரங்களில் கல்லெறி நடந்தது. 2012 இல் தீவுத் தகராறு முற்றியபோது, டெங்குக்கு உதவுவதாக 1978 இல் வாக்குக் கொடுத்த நிறுவனமான பனசொனிக்கின் சிங்டாவ் தொழிற்சாலையே உடைக்கப்பட்டது. 2023 இல் ஃபுகுஷிமா நீர் கடலில் விடப்பட்டபோது சீனா யப்பானியக் கடலுணவைத் தடைசெய்தது.

இன்னொரு பக்கமும் உண்டு. 1945 இல் தப்பியோடிய யப்பானியக் குடும்பங்கள் மஞ்சூரியாவில் விட்டுப்போன பிள்ளைகளைச் சீனக் குடியானவர்கள் எடுத்து வளர்த்தார்கள். எதிரியின் பிள்ளை என்று தெரிந்தே வளர்த்தார்கள். 1981 இல் அவர்களில் முதல் 47 பேர் உறவினரைத் தேடி யப்பான் வந்தார்கள். இப்படிப்பட்டவர்கள் என்று அரசு ஏற்றுக்கொண்ட தொகை சுமார் 2800. உறவு திறந்திராவிட்டால் இந்தத் தேடல் நடந்திருக்காது.

ஆகவே ஐயா, என் பதில் இதுதான். வியாபாரம் செய்ததால் அவர்கள் மறந்துவிட்டார்கள் என்று எண்ண வேண்டாம். வியாபாரம் கதவைத் திறந்தது, பிள்ளைகளைத் தேட வழி விட்டது, வயிற்றை நிரப்பியது. அது மன்னிப்பின் இடத்தை நிரப்பவில்லை. மன்னிப்புக்குச் சரியான சொல் வேண்டும், அதை அடிபட்டவனின் காதுக்குச் சொல்ல வேண்டும். அடிபட்டவனைக் கேட்காமல் மேலிடத்தில் கணக்கை மூடினால், அந்தக் கணக்கு பேரப்பிள்ளைகளின் கைக்கு வரும்.

நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்? வழமைபோல நிலையத்துக்கு எழுதுங்கள், அல்லது அடுத்த நிகழ்ச்சியில் அழையுங்கள். பெரியவரும் கட்டாயம் வரவேண்டும்.