டிமார்ட்டா, விஷாலா? தங்கவயல் வீட்டுக்கு எது கட்டுப்படி?

2001 பிப்ரவரி 28-ஆம் தேதியோடு பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் மூடப்பட்ட பிறகு, கோலார் தங்கவயலின் சம்பளம் பெங்களூருக்கு ரயிலேறிப் போய்விட்டது. மாரிக்குப்பத்தில் புறப்படும் காலை ரயிலில் சாம்பியன், உரிகம், பங்காருப்பேட்டை என்று ஆள் ஏறிக்கொண்டே இருப்பார்கள். ஒயிட்ஃபீல்டு, கே.ஆர்.புரம், கண்டோன்மென்ட் என்று ஆளாளுக்கு ஒரு நிறுத்தம். சம்பளம் எங்கே கைக்கு வருகிறதோ, துணிமணியும் பாத்திரமும் அங்கிருந்தே வரத் தொடங்கின. சுரங்கம் ஓடிய காலத்தில் சம்பளம் வாங்கினால் ராபர்ட்சன்பேட்டை, இல்லாவிட்டால் ஆண்டர்சன்பேட்டைக் கடைத்தெரு. இப்போது வீட்டில் நடக்கும் வாக்குவாதமே வேறு: இந்த மாதம் டிமார்ட்டா, விஷால் மெகா மார்ட்டா?

பெங்களூரில் இரண்டுக்கும் பல கிளைகள் இருக்கின்றன. இரண்டிலும் மலிவு என்பது பொய்யில்லை. ஆனால் அந்த மலிவு பிறக்கும் இடம் வேறு வேறு. அதைத் தெரிந்துகொண்டால் எந்தப் பொருளை எங்கே வாங்குவது என்ற குழப்பத்தில் பாதி தீர்ந்துவிடும்.

டிமார்ட், பங்குச்சந்தையில் பெயரெடுத்த ராதாகிஷன் தமானி 2002-இல் மும்பை பவாயில் தொடங்கியது. கடைக்கான கட்டடத்தைக் கூடுமானவரை சொந்தமாகவே வாங்கிவிடுவது அவர் வழி. வாடகை ஏறுமே என்ற கவலை இல்லை. சரக்கு கொடுத்த கம்பெனிக்குப் பணத்தைச் சீக்கிரம் கொடுத்துவிடுவார்கள். கைமேல் காசு தருகிறவனுக்கு மொத்த வியாபாரி விலையில் இறங்கி வருவது ஊரறிந்த விஷயம்தானே. கடையில் அலங்காரம் குறைவு, ஒரே பொருளில் வகையும் குறைவு. இப்படி மிச்சமாவதில் ஒரு பகுதியை விலையில் குறைக்கிறார்கள். அங்கே விற்பதில் பாதிக்கு மேல் சாப்பாட்டுச் சாமான். துணியும் வீட்டுப் பொருளும் சேர்த்தே மொத்த விற்பனையில் நாலில் ஒரு பங்கைத் தொடுவதில்லை.

விஷாலின் கதை கொஞ்சம் சினிமா மாதிரி. 2001-இல் கொல்கத்தாவில் தொடங்கி, கடன் வாங்கி ஊர் ஊராகக் கடை திறந்து, 2008 சரிவுக்குப் பின் மூச்சுத் திணறி, 2011-இல் டிபிஜி என்ற அமெரிக்க முதலீட்டு நிறுவனத்துக்கும் ஸ்ரீராம் குழுமத்துக்கும் கைமாறியது. பிறகு 2018-இல் மறுபடியும் கைமாறி, 2024 டிசம்பரில் 8,000 கோடி ரூபாய்க்குப் பங்கு வெளியிடும் அளவுக்கு எழுந்து நின்றது. கடைகள் வாடகைக் கட்டடங்களில் நடக்கின்றன. இவர்களுடைய சூட்சுமம் சொந்த பிராண்டு: விற்பனையில் 70 சதவீதத்துக்கு மேல் தங்கள் பெயரிலேயே செய்யவைத்த சரக்கு. விளம்பரச் செலவும் இடைத்தரகும் குறைந்துவிடுவதால் விலை இறங்குகிறது. மொத்த விற்பனையில் ஐந்தில் இரண்டு பங்குக்கு மேல் துணிமணி.

இனி நம் பக்கம். டிமார்ட்டில் பெயர் தெரிந்த கம்பெனியின் ஃபிளாஸ்க்கோ வாணலியோ எடுத்தால், அதே பொருள் ராபர்ட்சன்பேட்டைக் கடையிலும் இருக்கும். அட்டையில் அச்சான எம்.ஆர்.பி. இரண்டு இடத்திலும் ஒன்றே. யார் எவ்வளவு குறைத்தார்கள் என்பதைக் குழந்தைகூடக் கணக்குப் போட்டுச் சொல்லிவிடும். சொந்த பிராண்டில் அந்த வசதி கிடையாது. எம்.ஆர்.பி. போடுவதும் அவர்கள், குறைப்பதும் அவர்கள். அந்தச் சட்டை வேறு எந்தக் கடையிலும் தொங்காது. ஆகவே '50 சதவீதம் தள்ளுபடி' என்ற பலகை, சொந்த பிராண்டைப் பொறுத்தவரை, நமக்கு ஒன்றும் சொல்வதில்லை. எந்தக் கடையானாலும் இதே கதைதான். டிமார்ட்டின் துணிப் பகுதியிலும் பெயர் தெரியாத சரக்கு உண்டு. அங்கெல்லாம் கையையும் கண்ணையும் நம்புவதே வழி.

ஒரு பெட்ஷீட்டை எடுத்துக்கொள்வோம். பிளாஸ்டிக் உறைக்குள் மடிந்திருக்கும்போது எல்லாமே மினுமினுப்பாகத்தான் இருக்கும். முதலில் உறையின் பின்பக்கத்தைத் திருப்பி அளவைப் பார்க்க வேண்டும். 'டபுள்' என்று முன்னால் கொட்டை எழுத்தில் போட்டிருந்தாலும், நீளம் 108 அங்குலமா 90 அங்குலமா என்பது பொடி எழுத்தில்தான் இருக்கும். 90 என்றால் மெத்தைக்கடியில் செருக மிச்சம் இருக்காது. விடிவதற்குள் சுருண்டு நடுவில் கிடக்கும். அடுத்தது துணி. பருத்தியா, கலப்பா, மைக்ரோஃபைபரா? மைக்ரோஃபைபர் சீக்கிரம் காயும், இஸ்திரி வேண்டாம், விலையும் குறைவு. ஆனால் வியர்வையை உறிஞ்சாது. காற்றோட்டம் குறைந்த லைன் வீட்டில், ஏப்ரல் மாதத்தில், அதன் மேல் படுத்தவர்களுக்குத் தெரியும். பிறகு, உறையில் ஒரு விரல் நுழைய இடமிருந்தால் ஓரத் தையலைத் தொட்டுப் பாருங்கள். இரட்டை மடிப்பாக இருந்தால் நிற்கும். ஒற்றை மடிப்பு, நூல் பிசிறு என்றால் நாலு சலவைதான். இந்தச் சோதனைக்குப் பிறகு சில சமயம் விஷால் ஜெயிக்கும், சில சமயம் டிமார்ட். விலைச் சீட்டை மட்டும் பார்த்து அதைச் சொல்லிவிட முடியாது.

துணியில் என் ஓட்டு விஷாலுக்கு. வளரும் பிள்ளைகளுக்கு ஆறு மாதத்துக்கு மேல் எந்தச் சட்டையும் பொருந்தாது; அதற்கு 'பத்து வருஷம் உழைக்கும்' துணி எதற்கு? லெக்கிங்ஸ், நைட்டி, வீட்டு டி-ஷர்ட் எல்லாவற்றிலும் அங்கே வகை அதிகம், அளவும் கிடைக்கும். டிமார்ட்டில் துணி இரண்டாம்பட்சம். அளவு தேடித் தேடி அலுத்துப்போகும். 2025 செப்டம்பர் 22 முதல் 2,500 ரூபாய் வரையுள்ள ஆடைக்கு 5 சதவீதம்தான் ஜி.எஸ்.டி. என்று ஆனபோது, இந்த இரண்டு கடைக்காரர்களுக்கும் பெரிய மாற்றமில்லை. 1,000 ரூபாய்க்கு உட்பட்ட துணிக்கு முன்பும் அதே 5 சதவீதம்தான். இவர்கள் சரக்கில் பெரும்பகுதி அதற்குக் கீழேதான். 'வரி குறைந்தது, விலை குறைந்தது' என்று எந்தக் கடையாவது குழந்தைச் சட்டை மேல் பலகை மாட்டினால் சிரித்துவிட்டு நகரலாம்.

பாத்திரத்தில் டிமார்ட். பெயர் தெரிந்த கம்பெனி, ஒப்பிட ஓர் எம்.ஆர்.பி., இரண்டும் கையில் இருக்கின்றன. குக்கர் எங்கே வாங்கினாலும் ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா பாருங்கள். 2021 முதல் வீட்டு பிரஷர் குக்கருக்கு அது கட்டாயம். எவர்சில்வர் டப்பாவை விலை பார்த்து எடுக்காமல் கையில் தூக்கி எடை பார்த்து எடுக்க வேண்டும் என்பது நம் அம்மாக்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பக்கெட், மக்கு, டிஃபன் கூடை வகையறா இரண்டு இடத்திலும் ஏறக்குறைய ஒன்றுதான்.

பக்கெட் என்றதும் ரயில் ஞாபகத்துக்கு வருகிறது. தங்கவயல்காரர்களுக்கு இந்த ஒப்பீட்டில் மூன்றாவதாக ஒரு கணக்கு உண்டு, கடைக்காரர்கள் யாரும் அதைப் போடுவதில்லை. சீசன் டிக்கெட்காரருக்குப் போக்குவரத்துச் செலவு தனியாக இல்லை. வேலை முடிந்து வரும் வழியில் கடைக்குள் நுழைந்தால் போதும். ஆனால் சாயங்கால ரயிலில் நிற்கவே இடமில்லாதபோது இரண்டு பக்கெட்டும் ஒரு துணி ஸ்டாண்டும் தூக்கிக்கொண்டு ஏறினால் என்ன பேச்சு கேட்க வேண்டியிருக்கும் என்று ஏறியவர்களுக்குத் தெரியும். துணி என்றால் பையில் மடியும். அதனால் பருமனான சாமானை ஊரிலேயே வாங்குவது, பத்திருபது ரூபாய் கூடுதலானாலும், கட்டுப்படிதான். ஞாயிற்றுக்கிழமை வீட்டோடு கிளம்பினால் கணக்கே வேறு: நாலு பேர் டிக்கெட், ஆட்டோ, மத்தியானச் சாப்பாடு. அதற்குமேல், உள்ளே போனபின் பட்டியலில் இல்லாத சாமான் தள்ளுவண்டியில் ஏறுவது எந்தக் குடும்பத்துக்கும் விலக்கில்லை. சட்டை பற்றவில்லை, மாற்ற வேண்டும் என்றால் மறுபடியும் நூறு கிலோமீட்டர்.

ராபர்ட்சன்பேட்டை கடைத்தெரு இன்னும் காலியாகாமல் இருப்பதற்குக் காரணம் இங்கேதான் இருக்கிறது. "அண்ணா, பெங்களூர்ல இதைவிட எண்பது ரூபா கம்மி" என்றால், "போய்ட்டு வர்ற செலவைச் சேர்த்துச் சொல்லுக்கா" என்று பதில் வரும். பேரம் பேசலாம். காலையில் வாங்கியதைச் சாயங்காலம் மாற்றலாம். பழகிய முகம் என்றால் பாதிப் பணம் இப்போது, மீதி ஒன்றாம் தேதிக்குப் பிறகு. பேன்ட்டின் நீளத்தைக் குறைக்கப் பக்கத்திலேயே தையல்காரர் இருக்கிறார். புடவை, ஜாக்கெட் துணி, வேட்டி, கோயில் திருவிழாவுக்கும் கல்யாணத்துக்கும் எடுக்கும் உருப்படிகளுக்கு டிமார்ட்டும் விஷாலும் போட்டிக்கே வருவதில்லை. குக்கர் கேஸ்கெட்டும் விசிலும் அப்படித்தான்: பழைய மூடியை அப்படியே கையில் எடுத்துப் போய்க் காட்டினால், எது பொருந்துமோ அதைக் கடைக்காரரே மாட்டிப் பார்த்துக் கொடுத்துவிடுவார்.